பணிப்பதிவேட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கொடுக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. தனிநபர் தகவலை மறுக்க இடமளிக்கும் அதன் 8(1)(ஜே) உட்பிரிவில் செய்யப்பட்ட திருத்தம் 2025 நவம்பரில் செயலுக்கு வந்ததிலிருந்து, அரசு ஊழியர்களின் பணிப்பதிவேடு குறித்து வடசென்னையிலிருந்து நிறையக் கடிதங்கள் வருகின்றன. தகவல் கேட்பவர்கள் எழுதுகிறார்கள். கொடுக்க வேண்டிய இடத்தில் இருக்கும் பொதுத் தகவல் அலுவலர்களும் எழுதுகிறார்கள். இந்த இதழ் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட அலுவலகங்களின் பெயர்களையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பகுதி அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் ஒருவர், 2001ஆம் ஆண்டில் போலிக் கல்விச் சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்தார் என்று பலரும் சொல்கிறார்கள். அவருடைய பணிப்பதிவேட்டின் முழு நகலையும் கேட்டு விண்ணப்பித்தேன். ‘தனிநபர் தகவல் என்பதால் 8(1)(ஜே)யின்படி மறுக்கப்படுகிறது’ என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. திருத்தத்துக்குப் பிறகு இனி எதையுமே கேட்க முடியாதா, ஐயா?
– ஒரு வாசகர், கொடுங்கையூர்

பதில்: கேட்க முடியும். திருத்தம் வழியைக் குறுக்கியிருக்கிறதே தவிர அடைத்துவிடவில்லை. உங்கள் விண்ணப்பத்திலும் குறை இருக்கிறது. உங்களுக்கு வந்த பதிலிலும் குறை இருக்கிறது.

பழைய 8(1)(ஜே), ஒரு தகவல் தனிநபரைப் பற்றியது என்பதை மட்டும் வைத்து அதை மறுக்க அனுமதிக்கவில்லை. அந்தத் தகவலுக்குப் பொது நடவடிக்கை எதனுடனும் தொடர்பில்லை என்றோ, அதை வெளியிட்டால் ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிட்டதாகும் என்றோ அலுவலர் காட்ட வேண்டியிருந்தது. அப்படிக் காட்டிய பிறகும், பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அதே உட்பிரிவு சொன்னது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் அங்கே இருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)ஆம் பிரிவு இவை அனைத்தையும் எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் தொடர்பானது என்ற அளவில் நிறுத்திவிட்டது. ஊழலைக் கேள்வி கேட்கும் எளிய மனிதர்களின் கையைப் பலவீனப்படுத்திய திருத்தம் இது என்பதே என் உறுதியான கருத்து.

ஆனாலும் அந்தத் திருத்தம் தொடாத பிரிவுகள் சில அப்படியே இருக்கின்றன. பாதுகாக்கப்படும் நலனுக்கு ஏற்படும் தீங்கைவிட வெளியிடுவதிலுள்ள பொதுநலன் அதிகம் என்றால், 8(1)இன் எந்த விலக்கு பொருந்தினாலும் தகவலைக் கொடுக்கலாம் என்று 8(2) சொல்கிறது. விலக்குக்கு உட்பட்ட பகுதியைப் பிரித்து நீக்கிவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்று பிரிவு 10 சொல்கிறது. மேல்முறையீட்டில், மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்த அலுவலரையே சேரும் என்று 19(5) சொல்கிறது. உங்கள் விஷயத்தில் இவற்றைவிட வலுவானது 8(3). விண்ணப்பத் தேதிக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலைக் கேட்டால், நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவை ஆவணம் ஆகியவை பற்றிய ஏ, சி, ஐ என்ற மூன்று விலக்குகளைத் தவிர வேறெதையும் காட்டி மறுக்க அந்த உட்பிரிவு இடம் வைக்கவில்லை. அந்த மூன்றில் ஜே இல்லை. 2001ஆம் ஆண்டு நியமனம் அந்த இருபது ஆண்டுக் கோட்டைத் தாண்டிவிட்டது. உங்களுக்குப் பதில் எழுதியவர் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. நீங்களும் விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிடவில்லை.

இனி நீங்கள் கேட்ட விதத்துக்கு வருகிறேன். அலுவலகங்களில் எஸ்.ஆர். என்று சொல்லப்படும் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே பிறந்த தேதி, தந்தையின் பெயர், சாதி, வீட்டு முகவரி, உடல் அடையாளக் குறிகள் எல்லாம் இருக்கும். அடுத்து நியமன ஆணை, பணியில் சேர்ந்த நாள், தகுதிகாண் பருவம், பணிவரன்முறை, ஊதிய உயர்வு, பதவி உயர்வு, இடமாற்றம் ஆகியவை வரும். இடையிடையே ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு ஆகியவற்றின் கணக்கு, பணிக்கொடைக்கும் சேமநல நிதிக்கும் நியமிக்கப்பட்டவர்களின் பெயர்கள், தண்டனை விவரங்கள் என்று பலவும் கலந்திருக்கும். அரசு ஊழியர்களின் சம்பள, பணி விவரங்களைக் கையாளும் களஞ்சியம் மென்பொருளில் மின்வடிவம் வந்துவிட்ட பிறகும் இந்தக் கலப்பு மாறவில்லை. இதன் முழு நகலைக் கேட்கும்போது, அந்த மனிதர் எந்த நோய்க்கு விடுப்பு எடுத்தார் என்பதையும், தனக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிவைத்தார் என்பதையும் சேர்த்தே கேட்கிறீர்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. அவர் குற்றம் செய்தவராகவே இருந்தாலும் இல்லை.

நீதிமன்றங்களும் இந்த இடத்தில் கண்டிப்பாகவே இருந்திருக்கின்றன. 2012ஆம் ஆண்டு அக்டோபரில் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓர் ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பாணைகள், தண்டனைகள், அவருடைய சொத்து விவரம் ஆகியவை அவருக்கும் பணியளிப்பவருக்கும் இடைப்பட்ட விஷயம் என்றும், பெரிய பொதுநலன் காட்டப்பட்டால் மட்டுமே வெளியிடலாம் என்றும் கூறியது. 2019 நவம்பர் 13 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கல்வித் தகுதி, பணித்திறன் மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றையும் தனிநபர் தகவல் என்ற வரிசையில் வைத்தது. ஆனால் இந்த இரண்டு தீர்ப்புகளும் பொதுநலனை எடைபோட்டுப் பார்க்கும் கடமையிலிருந்து அலுவலரை விடுவிக்கவில்லை. ஒரே வரியில் மறுத்த பதிலில் அந்த எடைபோடுதல் நடந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. மறுக்கும்போது காரணத்தையும், மேல்முறையீட்டுக்கான கால வரம்பையும், மேல்முறையீட்டு அலுவலர் யார் என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்று 7(8) கட்டளையிடுகிறது.

ஆகவே மனிதரை விட்டுவிட்டு, அலுவலகம் செய்த வேலையைக் கேளுங்கள். அரசுப் பணியில் சேர்ந்தவரின் கல்விச் சான்றிதழைத் தேர்வுத் துறைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பி உண்மைத்தன்மை பெற வேண்டியது அலுவலகத்தின் கடமை. அந்தக் கடமையை அவர்கள் செய்தார்களா என்பது பொதுமக்களின் கேள்வி. புதிய விண்ணப்பத்தை ஏறத்தாழ இப்படி எழுதலாம்: ‘இன்ன பணியிடத்துக்கு 2001ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்டிருந்த கல்வித் தகுதியைக் காட்டும் ஆணையின் நகல், அந்தப் பணியிடத்துக்கு அவ்வாண்டு வழங்கப்பட்ட நியமன ஆணையின் நகல், நியமிக்கப்பட்டவரின் சான்றிதழ் உண்மைத்தன்மைக்காக அனுப்பப்பட்ட கடிதம், அதற்குப் பெறப்பட்ட பதில் ஆகியவற்றின் எண், தேதி, நகல், தகுதிகாண் பருவம் நிறைவுற்றதாக அறிவித்த ஆணையின் நகல். இவற்றில் முகவரி, பிறந்த தேதி, சாதி போன்ற விவரங்கள் இருப்பின் பிரிவு 10இன்படி அவற்றை மறைத்து வழங்கலாம். கேட்கப்படுவது இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வு என்பதால் பிரிவு 8(3) பொருந்தும். பொதுப் பணத்தில் ஊதியம் வழங்கப்படும் பணியிடத்துக்கான தகுதி சரிபார்ப்பு பற்றியது என்பதால் பிரிவு 8(2)இன் பொதுநலனும் இதில் அடங்கியிருக்கிறது.’

‘ஏன் சரிபார்க்கவில்லை?’ என்று மட்டும் கேட்காதீர்கள். பதிவில் இல்லாத விளக்கத்தை உருவாக்கித் தரும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. அனுப்பிய கடிதம் கோப்பில் இல்லை என்றால், அப்படிப்பட்ட ஆவணம் இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டியிருக்கும். உயர் அலுவலர்களிடமோ ஊழல் தடுப்புத் துறையிடமோ புகார் கொடுக்க அந்த ஒரு வரியே உங்களுக்குப் பெரிதும் உதவும். அதற்கு முன்பாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பலரும் சொல்கிறார்கள் என்பதை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். ஒரு குடும்பத்தின் பெயர் அதனால் கெடும், உங்கள் பொதுநலக் காரணமும் வம்பாகத் தோன்றும்.

முதல் மேல்முறையீட்டுக்கான முப்பது நாள் கெடு, மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். புதிய விண்ணப்பத்தோடு அதையும் தாக்கல் செய்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், பொதுத் தகவல் அலுவலர் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. ஒருவர் எங்கள் அலுவலக ஊழியர்கள் அனைவருடைய பணிப்பதிவேடு, விடுப்பு விவரம், வீட்டு முகவரி, கைப்பேசி எண் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஊழியர்களில் ஒரு பெண், அவர் தன்னை ஏற்கெனவே தொலைபேசியில் தொந்தரவு செய்தவர் என்று சொல்லி அழுகிறார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவரிடம் எழுதிக் கேட்கலாமா? மொத்தமாக மறுத்துவிடலாமா?
– தகவல் அலுவலர், பெரம்பூர்

பதில்: காரணம் கேட்டு எழுத வேண்டாம். தொடர்பு கொள்ளத் தேவையான விவரத்தைத் தவிர வேறெதையும் விண்ணப்பதாரரிடம் கேட்கக் கூடாது என்று 6(2) தெளிவாகச் சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, விண்ணப்பதாரர் காரணம் காட்ட வேண்டும் என்று தீர்ப்பில் எழுதியது; அந்தப் பகுதியைச் சில நாட்களுக்குள் அதே அமர்வே நீக்கிக்கொண்டது. பொதுநலனை எடுத்துக்காட்டுவது விண்ணப்பதாரரின் விருப்பம். அவர் காட்டாவிட்டால், காட்டப்படவில்லை என்று பதிவுசெய்துவிட்டு உங்கள் மனத்தைச் செலுத்தி முடிவெடுக்கலாம்.

மொத்தமாக மறுப்பதும் தவறு. கேட்டவற்றில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்கெனவே வெளியிட்டிருக்க வேண்டும். அலுவலர்கள், ஊழியர்களின் பெயர்ப் பட்டியலையும் ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியத்தையும் தாமாகவே வெளியிட வேண்டும் என்பது 4(1)(பி)யின் கட்டளை. யார், எந்தப் பதவியில், எந்த நாளிலிருந்து இந்த அலுவலகத்தில் பணிபுரிகிறார், எந்த ஊதிய நிலையில் இருக்கிறார் என்பதை ஓர் அட்டவணையாகக் கொடுத்துவிடுங்கள். வடசென்னை அலுவலகங்களில் பலவற்றில் இந்தப் பட்டியல் சுவரிலும் இல்லை, இணையத்திலும் இல்லை. அதை ஒழுங்காக வெளியிட்டிருந்தால் உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பங்களே குறைந்திருக்கும்.

வீட்டு முகவரி, கைப்பேசி எண், மருத்துவ விடுப்பின் காரணம், பணிக்கொடை நியமனம், வங்கிக் கணக்கு, சம்பளப் பிடித்தங்கள் ஆகியவற்றை இந்த விண்ணப்பத்துக்குக் கொடுக்க எந்த நியாயமும் இல்லை. அவை ஊழியரின் வீட்டுக்குள் இருப்பவை. அரசு வேலைக்கு வந்த காரணத்தால் ஒருவர் தன் வீட்டு வாசலைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. அந்தப் பெண் ஊழியர் விஷயத்தில் 8(1)(ஜே)யோடு நின்றுவிடாமல், ஒருவருடைய உயிருக்கோ உடல் பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவலை மறுக்க அனுமதிக்கும் 8(1)(ஜி)யையும் பரிசீலியுங்கள். அவர் சொன்னதை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க விரும்பினால் அலுவலகம் துணை நிற்க வேண்டும்.

மூன்றாம் தரப்பு நடைமுறையில்தான் பெரும்பாலான அலுவலர்கள் தடுமாறுகிறார்கள். ஊழியர் அந்தரங்கமாகக் கருதும் விவரத்தைக் கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், விண்ணப்பம் வந்த ஐந்து நாட்களுக்குள் பிரிவு 11இன்படி அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்ததிலிருந்து பத்து நாட்களுக்குள் அவர் தன் கருத்தைச் சொல்லலாம். விண்ணப்பம் வந்த நாற்பது நாட்களுக்குள் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். ‘ஊழியர் சம்மதிக்கவில்லை, எனவே மறுக்கப்படுகிறது’ என்று எழுதும் பழக்கம் நம் அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது; அது சட்டத்துக்கு விரோதமானது. ஊழியரின் ஆட்சேபம் நீங்கள் எடைபோட வேண்டிய ஒரு கருத்து. முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் உங்களிடம் கொடுத்திருக்கிறது. கொடுப்பது என்று முடிவெடுத்தால், அதை எதிர்த்து அவரும் முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதைக் கடிதத்திலேயே தெரிவித்துவிடுங்கள். அந்தக் காலம் முடியும்வரை விவரத்தை ஒப்படைக்காமல் இருப்பதே நேர்மையானது. கொடுக்கவே போவதில்லை என்று முதல் பார்வையிலேயே தெரியும் வீட்டு முகவரிக்கும் கைப்பேசி எண்ணுக்கும் இந்த அறிவிப்பு தேவையில்லை.

வேலைப்பளு அதிகம் என்பதற்காக ‘நேரில் வந்து எல்லாப் பதிவேடுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். பெரும் உழைப்பைத் திசைதிருப்பும் கோரிக்கைக்கு வேறு வடிவில் தகவல் தர 7(9) இடமளிப்பது உண்மைதான். ஆனால் பணிப்பதிவேட்டைத் திறந்து காட்டினால் மறைக்க வேண்டியவை எல்லாம் கண்ணில் பட்டுவிடும். அட்டவணையாகத் தயாரித்துக் கொடுப்பதே இங்கே பொருத்தம்.

காலம் கடந்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அது அலுவலகச் செலவில் சேராது, உங்கள் சொந்தப் பணம். பதிவேடுகளை வைத்திருக்கும் பிரிவு எழுத்தர் ஒத்துழைக்கவில்லை என்றால் 5(4)இன்படி எழுத்துமூலம் உதவி கேளுங்கள். அதன் பிறகு அவரும் தகவல் அலுவலராகவே கருதப்பட்டுப் பொறுப்பாவார்.

கேள்வி: என் கணவர் பழைய கத்திவாக்கம் நகராட்சியில் துப்புரவுப் பணியில் சேர்ந்தவர். நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் வேலை பார்த்தார். பணியில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். குடும்ப ஓய்வூதியம் கேட்டால், பணிப்பதிவேட்டின் ஆரம்பப் பக்கங்கள் கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். என் மகள் தகவல் கேட்டு எழுதியதற்கு, மூன்றாம் நபர் தகவல், தர முடியாது என்று பதில் வந்தது. நாங்கள் எப்படி மூன்றாம் நபர் ஆனோம்?
– ஒரு வாசகி, எண்ணூர்

பதில்: அம்மா, உங்களுக்கு வந்த பதில் தவறானது, இரக்கமற்றதும்கூட. அந்தரங்கம் என்ற பாதுகாப்பு, ஒரு மனிதரின் விவரம் வேண்டாதவர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. கணவரின் உழைப்புக்குரிய ஓய்வூதியத்தைப் பெற வேண்டிய மனைவியை அவருடைய பணிப்பதிவேட்டுக்கு அந்நியர் என்று சொல்வதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, நீங்களே உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். மகள் எழுதிய விண்ணப்பத்தில் இந்த ஆவணங்கள் இணைக்கப்படாமல் இருந்திருக்கலாம்.

கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகிய நகராட்சிகள் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. ஊழியர்களோடு அவர்களுடைய பதிவேடுகளைப் பாதுகாக்கும் பொறுப்பும் மாநகராட்சிக்கு வந்துவிட்டது. கத்திவாக்கம் இப்போது திருவொற்றியூர் மண்டலத்துக்குள் இருப்பதால், மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தகவல் தங்களிடம் இல்லை, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் இருக்கிறது என்று அவர் கருதினால், 6(3) காட்டும் முறைப்படி ஐந்து நாட்களுக்குள் விண்ணப்பத்தை அவரே அங்கே அனுப்ப வேண்டும். உங்களை அலையவிடக் கூடாது.

‘கிடைக்கவில்லை’ என்பது சட்டத்தில் சொல்லப்பட்ட விலக்குகளில் ஒன்றே இல்லை. ஒரு காலத்தில் இருந்த ஆவணம் இப்போது கிடைக்கவில்லை என்றால், முழுமையாகத் தேட வேண்டும், அப்போதும் கிடைக்காவிட்டால் விசாரணை நடத்திப் பொறுப்பானவரைக் கண்டறிய வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டாயப்படுத்தாவிட்டாலும், மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டத் தக்கது. ஆகவே விண்ணப்பத்தில் பணிப்பதிவேட்டின் நகலைக் கேட்பதோடு, நகராட்சியிலிருந்து அது மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டபோது தயாரிக்கப்பட்ட பட்டியலின் நகலையும், பக்கங்கள் காணாமல் போனது குறித்து எடுக்கப்பட்ட நடவடிக்கையின் ஆவணங்களையும், உங்கள் கணவர் பணியில் சேர்ந்த ஆண்டின் சம்பளப் பட்டியல், வருகைப் பதிவேடு ஆகியவற்றின் நகலையும் கேளுங்கள். விடுபட்ட பணிக்காலத்தைத் திரும்ப நிறுவ இந்தச் சம்பளப் பட்டியல்களே ஆதாரம். நகராட்சிக் கணக்குகள் உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கு உட்பட்டவை என்பதால், அங்கேயும் ஒரு விண்ணப்பம் போடலாம். பல ஊழியர்கள் தங்கள் பணிப்பதிவேட்டுக்கு ஒரு நகலை வீட்டில் வைத்திருப்பது வழக்கம். கணவரின் பழைய பெட்டியில் நியமன ஆணை, சம்பளச் சீட்டு, சேமநல நிதிக் கணக்குச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

தகவல் விண்ணப்பம் ஓய்வூதியத்தைப் பெற்றுத் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். அது ஆவணத்தை மட்டுமே கொண்டுவரும். ஓய்வூதியக் கோரிக்கையைத் தனிக் கடிதமாக ஆணையருக்கு அனுப்பிவைத்து, அதன் நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்பதற்கான சான்று உங்களிடம் இருந்தால் விண்ணப்பக் கட்டணமும் நகல் கட்டணமும் கிடையாது.

கேள்வி: என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார், மாமா மின்நிலையத்தில். இருவர் விவரத்துக்கும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினேன். ஒன்று மட்டும் திரும்பி வந்துவிட்டது.
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: திரும்பி வந்தது துறைமுகத்துக்கு அனுப்பியதாகத்தான் இருக்கும். வடசென்னையில் மத்திய நிறுவனங்களும் மாநில நிறுவனங்களும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. துறைமுகம், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆகியவை மத்திய அரசின் கீழ் வருபவை. இவற்றுக்குப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைக்க வேண்டும் அல்லது மத்திய அரசின் இணையதளம் வழியே செலுத்த வேண்டும். இரண்டாம் மேல்முறையீடு புதுதில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குச் செல்லும். வடசென்னை அனல்மின் நிலையம், மாநகராட்சி, ஸ்டான்லி மருத்துவமனை, மாநகரப் பேருந்து ஆகியவை மாநிலத்தின் கீழ் வருவதால், நீதிமன்றக் கட்டண வில்லை செல்லும்; இரண்டாம் மேல்முறையீடு தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு.

கேள்வி: என்னைவிடப் பின்னால் பணியில் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. என் மீது நிலுவையில் இருந்த 17(பி) குற்றச்சாட்டைக் (கடும் தண்டனைக்குரிய ஒழுங்கு நடவடிக்கை) காரணம் காட்டுகிறார்கள். மேலதிகாரி அவருடைய பணித்திறனை மதிப்பிட்டு எழுதும் மந்தண அறிக்கையையும் அவருடைய பணிப்பதிவேட்டையும் நான் கேட்டுப் பெற முடியுமா?
– இளநிலை உதவியாளர், ராயபுரம்

பதில்: அவருடைய மந்தண அறிக்கை உங்களுக்குக் கிடைக்காது, அதைக் கேட்டுக் காலத்தை வீணாக்க வேண்டாம். ஒரு வங்கியின் எல்லாக் கிளைகளிலும் எழுத்தர்களாக இருந்தவர்களின் பணியில் சேர்ந்த நாள், பதவி உயர்வு, இடமாற்றம் ஆகியவற்றைக் கேட்ட வழக்கில்கூட, பொதுநலன் காட்டப்படவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டில் மறுத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு மிகவும் குறுகிய பார்வை கொண்டது என்று நான் கருதுகிறேன். ஆயினும் அலுவலர்கள் அதைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள்.

உங்கள் சொந்த மந்தண அறிக்கையின் நிலை வேறு. அதிலுள்ள ஒவ்வொரு மதிப்பீட்டையும், பாதகமானதோ சாதகமானதோ, ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டில் தேவ் தத் வழக்கிலும், அதை உறுதிப்படுத்தி 2013ஆம் ஆண்டில் சுக்தேவ் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைத் தயங்காமல் கேளுங்கள். முதுநிலைப் பட்டியல், பதவி உயர்வுக்குத் தகுதியானோர் பட்டியல், அதைத் தயாரித்த நடவடிக்கைக் குறிப்பு, உங்கள் பெயர் தவிர்க்கப்பட்டதற்குப் பதிவான காரணம் ஆகியவை அலுவலகத்தின் ஆவணங்கள். அவற்றில் இடம்பெற்ற ஒருவர் என்ற முறையில் உங்கள் நலன் நேரடியாகத் தொடர்புடையது. 17(பி) விசாரணை நடந்துகொண்டிருந்தால், விசாரணைக்குத் தடை ஏற்படும் என்று 8(1)(எச்)ஐக் காட்டி மறுக்கக்கூடும். எப்படித் தடை ஏற்படும் என்பதை விளக்காமல், விசாரணை நடக்கிறது என்ற ஒரே காரணத்தைச் சொல்வது போதாது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களை விசாரணை அலுவலரிடமே கேட்டுப் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு. முதலில் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது. அரசு ஊழியரான கணவரின் சம்பள விவரம் தர மறுக்கிறார்கள்.
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அவர் பெறும் மாத ஊதியம், முன்பே சொன்ன 4(1)(பி)யின்படி வெளியிடப்பட வேண்டியது, அதை மட்டும் கேளுங்கள். பிடித்தங்களும் கடன்களும் அதில் வராது. அவற்றுக்கு நேரான வழி நீதிமன்றத்திலேயே இருக்கிறது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பாரும் வருமானத்தையும் சொத்தையும் கடனையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. அவர் மறைத்தால் சம்பளச் சான்றை அலுவலகத்திலிருந்து வரவழைக்குமாறு உங்கள் வழக்கறிஞர் மனு போடலாம்.

கேள்வி: முப்பது நாள் கடந்தும் பதில் இல்லை. அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார். பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: திரும்பப் பெற வேண்டாம். பேசிய தேதி, நேரம், எண், சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். மிரட்டல் தொனி இருந்தால் அதை முதல் மேல்முறையீட்டு மனுவிலேயே குறிப்பிடுங்கள். மீண்டும் வந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். விண்ணப்பத்தைத் தனியாக அனுப்பியதால் தனித்து நிற்பதுபோல் தோன்றும். தெருவில் நம்பிக்கையான இரண்டு பேரிடமாவது விஷயத்தைச் சொல்லி, விண்ணப்ப நகலைக் கொடுத்து வையுங்கள்.

முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே சட்டம் கொள்கிறது. அன்றிலிருந்து முப்பது நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை. அவர் முப்பது நாட்களுக்குள், காரணம் பதிவுசெய்தால் நாற்பத்தைந்து நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் பயனில்லை என்றால், தொண்ணூறு நாட்களுக்குள் நந்தனத்தில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு அனுப்புங்கள். கெடு தாண்டிய பிறகு கொடுக்கப்படும் நகல்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று கட்டணம் கேட்டாலும் செலுத்த வேண்டியதில்லை; 7(6)இன்படி அவற்றை இலவசமாகவே தர வேண்டும். அப்படிக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால் அதையும் மேல்முறையீட்டோடு இணைத்துவிடுங்கள்.